செடிகளைத் தேடிச் சென்ற பேராசிரியை

நம் மன்ற மலரில் புலவர்கள், நாட்டுத் தலைவர்கள், சமூகச் சீர்திருத்தக்காரர்கள் ஆகியோரின் வரலாறுகள் பல வந்துள்ளன. இம்முறை தாவரவியல் பேராசிரியை ஒருவரைப் பற்றி எழுத விரும்புகிறேன். அவர் டாக்டர் ஈ. கே. ஜானகி அம்மாள். நானோ விலங்கியல் துறையில் பூச்சிகளைப் பற்றிப் படிக்கும் மாணவன். பூச்சி பிடிப்பவனுக்குச் செடி ஆராய்ந்தவரிடம் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். அதற்கு விடை எளிது. எலுமிச்சையும் கறிவேப்பிலையும் இல்லாத தோட்டத்தில், அவற்றின் தளிரைத் தின்று வளரும் பட்டாம்பூச்சி இல்லை. எருக்கு இல்லாத மேட்டில், எருக்கிலையில் முட்டையிடும் பட்டாம்பூச்சி இல்லை. செடியை அறியாதவன் பூச்சியைப் பாதியே அறிந்தவன் ஆவான். அது மட்டுமன்று. இயற்கைச் செல்வத்தை எப்படிக் கற்பது, கற்றபின் அதற்காக என்ன செய்வது என்னும் இரண்டு கேள்விகளுக்கும் அம்மையாரின் வாழ்க்கை விடை தருகிறது. அவ்விடை நம்மைப் போன்ற மாணவர்க்கு இன்று மிகவும் தேவை.

அம்மையாருக்கும் நம் திருவனந்தபுரத்துக்கும் உள்ள உறவை முதலில் சொல்லிவிடுகிறேன். பாளையத்தில் யூனிவர்சிடி கல்லூரியின் வழியாக நாம் நாள்தோறும் போகிறோம், வருகிறோம். 1834-இல் பள்ளியாகத் தொடங்கி, 1866-இல் கல்லூரியாக உயர்ந்த பழம்பெரும் நிலையம் அது. 1924-இல் அது இரண்டாகப் பிரிந்து, ஒன்று மகாராஜா அறிவியல் கல்லூரி என்றும் மற்றொன்று மகாராஜா கலைக் கல்லூரி என்றும் வழங்கலாயிற்று. 1942-இல் இரண்டும் மீண்டும் ஒன்றாயின. 1937-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் தோன்றும் வரையில் இக்கல்லூரி மாணவர்கள் எழுதியவை சென்னைப் பல்கலைக்கழகத்தின் தேர்வுகளே. அந்த அறிவியல் கல்லூரியில் 1932 முதல் 1934 வரையில் தாவரவியல் பேராசிரியையாக விளங்கியவர் ஜானகி அம்மையார். இரண்டே ஆண்டுகள்தாம். ஆயினும் உலகப் புகழ் பெற்ற ஓர் அறிஞர் இந்நகரின் வகுப்பறையில் நின்று பாடம் சொன்னார் என்பது நமக்குப் பெருமை அன்றோ!

1897-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4-ஆம் நாள் தலைச்சேரியில் அம்மையார் பிறந்தார். அன்று தலைச்சேரி சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபார் மாவட்டத்தில் இருந்தது. தந்தையார் ஈ. கே. கிருஷ்ணன் நீதித்துறையில் சப்-ஜட்ஜாகப் பணியாற்றியவர். நீதிமன்றம் முடிந்தால் அவர் மனம் தோட்டத்தை நாடும். வடமலபார்ப் பகுதியின் பறவைகளைப் பற்றி அவர் நூல்களும் எழுதினார். தாயார் தேவி அம்மையார், திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஜான் சைல்டு ஹானிங்டன் என்பவரின் மகள். அந்த ஹானிங்டனின் மற்றொரு மகனான பிராங்க் ஹானிங்டன் குடகில் ஆட்சிப்பணி புரிந்தவர்; பட்டாம்பூச்சிகளை ஆராய்ந்து கட்டுரைகள் எழுதியவர். ஆகவே பறவையை அறிந்த தந்தை, பட்டாம்பூச்சியை அறிந்த மாமன் முறையினர், வீட்டைச் சுற்றி மரமும் கொடியும் என்னும் சூழலில் அம்மையாரின் இளமை கழிந்தது. இயற்கையைப் பாடமாகப் படிக்கும் முன்னரே அவர் அதனோடு பழகிவிட்டார்.

குடும்பம் மிகப் பெரியது. தந்தையாரின் இரு திருமணங்களிலும் சேர்த்து மக்கள் பத்தொன்பது பேர். தமக்கையர் ஒவ்வொருவராகத் திருமணம் செய்துகொண்டு சென்றனர். ஜானகி அம்மையாருக்கும் உறவிலேயே மணம் பேசினர். அவரோ கல்வியைத் தேர்ந்தார். பெண்கள் எழுத்தறிவு பெறுவதே அரிதாயிருந்த நாளில் அவர் செய்த தேர்வு இது. தலைச்சேரியில் பள்ளிப்படிப்பை முடித்துச் சென்னைக்கு வந்து இராணி மேரி கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர் மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1921-இல் தாவரவியலில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். அதன்பின் சென்னைப் பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியையாக அமர்ந்தார். மற்றவர்க்கு அது போதும்; அவருக்குப் போதவில்லை.

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆசிய நாட்டுப் பெண்களுக்கென்று பார்பர் உதவித்தொகை என்ற ஒன்றை வழங்கி வந்தது. அதனைப் பெற்று அம்மையார் கடல் கடந்தார். அங்கே முதுநிலைப் பட்டம் பெற்று வந்து சில காலம் சென்னையில் கற்பித்தார். மீண்டும் சென்று 1931-இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். தாவரவியலில் இத்தகைய உயர்பட்டம் பெற்ற இந்தியப் பெண்கள் அந்நாளில் இல்லை என்றே சொல்லிவிடலாம். அங்கு அவர் கற்றது செல்லியல் என்னும் துறை. உயிர்களின் உடல் நுண்ணிய செல்களால் ஆனது என்பது நாம் அறிந்ததே. ஒவ்வொரு செல்லின் உட்கருவிலும் குரோமோசோம்கள் என்னும் நுண்ணிழைகள் உள்ளன. பெற்றோரின் இயல்புகளைப் பிள்ளைக்குக் கொண்டு செல்பவை அவையே. இன்ன செடிக்கு இத்தனை என்று அவற்றுக்குக் கணக்கு உண்டு. அக்கணக்கைப் படிக்கத் தெரிந்தவன் அச்செடி எதிலிருந்து வந்தது, எதனோடு உறவுடையது, எப்படிப் பெருகியது என்பதையெல்லாம் ஓரளவு சொல்லிவிடலாம். செடியின் பிறப்புப் பதிவேடு என்றே அதனைக் கூறலாம்.

இந்தக் கலையோடுதான் அம்மையார் திருவனந்தபுரத்துக்கு வந்தார். அவர் எடுத்துக்கொண்ட செடிகளுள் ஒன்று நம் வீட்டுக் கொல்லையில் காய்க்கும் கத்தரி. கத்தரிச் செடியின் செல்லில் சாதாரணமாக 24 குரோமோசோம்கள் உள்ளன. அஃதாவது 12 கொண்ட கட்டுகள் இரண்டு. சில வேளைகளில் இக்கட்டுகள் மூன்றாகவோ நான்காகவோ பெருகிவிடுவதுண்டு. மூன்று கட்டுகள் உடைய செடியில் அவை சரியாக இணைசேர முடியாமையால் விதை நன்கு பிடிப்பதில்லை. இப்படிக் கட்டுகள் பெருகும் இயல்பைப் பற்றி, கத்தரியை வைத்து அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை 1934-இல் வெளியாயிற்று. இதில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. மிச்சிகனில் படித்துவிட்டு வந்தவர் மேல்நாட்டு மலரைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. சாம்பாரில் போடும் காயை நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். அறிவியல் நம் கொல்லைப்புறத்திலிருந்தே தொடங்கலாம் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமா?

அந்நாளைத் திருவனந்தபுரத்தை நாம் மறந்துவிடக் கூடாது. அம்மையார் தீயர் குலத்தில் பிறந்தவர். தெற்கே ஈழவர் எனப்படுவோர்க்கு ஒப்பான குலம் அது. இந்நகரில் பிறந்த டாக்டர் பல்ப்பு, சென்னையில் மருத்துவம் பயின்று பட்டம் பெற்றும், ஈழவர் என்ற காரணத்தால் திருவிதாங்கூர் மருத்துவப் பணியில் இடம் பெறாமல் மைசூரில் சென்று பணியாற்றினார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அதே அரசின் கல்லூரியில் அக்குலத்துப் பெண்மணி ஒருவர் பேராசிரியை ஆனார். காலம் மாறத் தொடங்கியதற்கு அது ஓர் அடையாளம். ஆனால் முழுதும் மாறிவிடவில்லை. கோயில் நுழைவுப் பிரகடனம் வெளிவந்தது 1936 நவம்பர் 12 அன்றுதான். அம்மையார் இங்குக் கற்பித்த இரண்டு ஆண்டுகளும் பத்மநாபசுவாமி கோயிலின் கதவு அவர் குலத்தார்க்கு மூடியே இருந்தது. கல்லூரியில் தேர்ந்த மாணவர்க்கு ஆசிரியை. கோயில் வாயிலில் உள்ளே செல்ல உரிமை இல்லாதவர். இந்த முரண்பாட்டைச் சுமந்துகொண்டுதான் அவர் பாடம் நடத்தினார். பெண் என்பதற்காகவும் குலத்துக்காகவும் அவர் பிற்காலத்திலும் இடர்ப்பட்டார் என்று அவர் வரலாற்றை ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். அவர் அதைப் பற்றி மேடைகளில் முழங்கியதாகத் தெரியவில்லை. தம் வேலையால் விடை சொன்னார்.

1934-இல் அவர் கோயமுத்தூர் சென்றார். அங்கு 1912-இல் தொடங்கப்பட்ட கரும்பு இனவிருத்தி நிலையம் அப்போது புகழின் உச்சியில் இருந்தது. கரும்பு எல்லா இடத்திலும் எளிதில் பூத்து விதைப்பதில்லை. கோயமுத்தூரின் தட்பவெப்பத்தில் நன்கு பூக்கும். அதனால் இனங்களைக் கலந்து புதிய கரும்பு உண்டாக்க அவ்வூர் ஏற்றதாயிற்று. பருத்து இனித்த கரும்பு வெப்ப நாடுகளிலிருந்து வந்தது. அது வட இந்தியக் குளிரையும் நோயையும் தாங்காது. நம் ஆற்றங்கரைகளில் தானே வளரும் நாணல் போன்ற காட்டுக்கரும்போ இனிப்பற்றது; ஆனால் எதையும் தாங்கும். இரண்டையும் கலந்தால் இனிப்பும் உறுதியும் சேரும். பார்பர் என்ற ஆங்கிலேயரும் வெங்கட்ராமன் என்ற தமிழறிஞரும் இவ்வழியில் பெருவெற்றி கண்டிருந்தனர். அவ்வெற்றிக்கு அடிப்படையான குரோமோசோம் கணக்கை ஆராய்வது அம்மையாரின் பணியாயிற்று. பருத்த கரும்பில் 80 குரோமோசோம்கள். காட்டுக்கரும்பிலோ இடத்துக்கு இடம் 40 முதல் 128 வரை மாறுபடும். எந்த இடத்தில் எத்தனை என்று ஆராய்ந்தால், அது தோன்றிய இடமும் பரவிய வழியும் தெரியவரும். காட்டுக்கரும்பின் பிறப்பிடம் இந்தியா என்ற முடிவுக்கு அவர் ஆராய்ச்சி துணை செய்தது. கரும்பையும் சோளத்தின் உறவான மக்காச்சோளத்தையும் கலந்து புதுச்செடி பெற்றதும் அவர் செயலே.

யாரும் மதியாத புல் ஒன்று, நாம் காப்பியில் கலந்து குடிக்கும் சர்க்கரைக்கு ஆதாரமாயிற்று. காட்டுச் செடியை வீண்செடி என்று எண்ணும் நம்மவர் இதனை நினைவில் வைக்க வேண்டும். இன்று பயனற்றது என்று தோன்றும் புல்லில் நாளை நம் பயிரைக் காக்கும் இயல்பு ஒளிந்திருக்கலாம். அதனை அழித்துவிட்டால் பின்னர் எத்தனை கோடி கொடுத்தும் திரும்பப் பெற இயலாது. அம்மையாரின் பிற்கால வாழ்வு முழுதும் இந்த உண்மையைச் சுற்றியே சுழன்றது எனலாம்.

1939-இல் எடின்பரோவில் நடந்த உலக மரபியல் மாநாட்டுக்கு அவர் சென்றிருந்தார். மாநாடு நடந்துகொண்டிருந்தபோதே போர் மூளும் நிலை ஏற்பட்டது. திரும்பி வர வழியில்லை. இங்கிலாந்திலேயே தங்கி, லண்டனை அடுத்த மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் ஆராய்ச்சி செய்தார். இரவில் விமானங்கள் குண்டு வீசும், கட்டிலுக்கடியில் பதுங்குவார், விடிந்ததும் சிதறிய கண்ணாடித் துண்டுகளைக் கூட்டித் தள்ளிவிட்டு வேலையைத் தொடர்வார் என்று சொல்வர். அந்தக் குண்டு மழைக்கிடையே உருவான நூல்தான், டார்லிங்டன் என்ற அறிஞரோடு சேர்ந்து அவர் 1945-இல் வெளியிட்ட, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் அட்டவணை. மனிதன் வளர்க்கும் ஆயிரக்கணக்கான செடிகளின் கணக்கும் வழித்தோன்றலும் அதில் ஒருங்கே உள்ளன. மேற்கோள் காட்டும் நூலாக உலகெங்கும் அது கையாளப்பட்டது. நகரங்கள் எரிந்துகொண்டிருந்தபோது, மனித குலத்துக்குச் சோறிடும் செடிகளை ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தார். நினைத்துப் பார்க்கையில் மெய்சிலிர்க்கிறது!

அதன்பின் வைஸ்லி என்னும் இடத்தில் அரசத் தோட்டக்கலைக் கழகத்தில் 1951 வரை பணியாற்றினார். கால்ச்சிசின் என்ற மருந்தைச் செடியின் வளர்முனையில் இட்டால் குரோமோசோம் கட்டுகள் இரட்டிக்கும். அதனால் இலை தடித்துப் பூ பெரிதாகலாம். சங்க காலப் புலவர் போற்றிய நம் காந்தள் கிழங்கிலும் இம்மருந்து இருக்கிறது என்பது தமிழ் மாணவர்க்குச் சுவையான செய்தி. அம்மையார் இம்மருந்தை மக்னோலியா மரக்கன்றுகளில் இட்டு ஆராய்ந்தார். அங்கு வளர்ந்த மக்னோலியா வகை ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பூச்சியியல் மாணவன் என்ற முறையில் நான் இங்கு ஒன்று சேர்க்க விரும்புகிறேன். மக்னோலியாக்கள் பூக்கும் தாவரங்களுள் மிகத் தொன்மையான குடியைச் சேர்ந்தவை. தேனீக்கள் பெருகுவதற்கு முன்பே பொறிவண்டு போன்ற கெட்டிச் சிறகுடைய வண்டினங்கள் அக்குடிப் பூக்களில் மகரந்தம் சேர்த்து வந்தன. அந்த மரத்தின் பூவில் வண்டு நுழைவதைக் காண்பவன், கோடிக்கணக்கான ஆண்டுகள் தொடரும் ஓர் உறவைக் காண்கிறான்.

1951-இல் நேருவின் அழைப்பை ஏற்று அம்மையார் தாயகம் திரும்பினார். இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1890-இல் ஆங்கிலேயர் தொடங்கிய துறை அது. அவர்கள் நம் காடுகளில் சேகரித்த செடிகளில் பெரும்பகுதி லண்டன் கியூ தோட்டத்துக்குச் சென்றுவிட்டது. தன் நாட்டுச் செடியை அறிய வேண்டும் என்றால் இந்திய மாணவன் இங்கிலாந்துக்குக் கப்பலேற வேண்டிய நிலை! இந்நிலை அம்மையாரை வருத்தியது. இந்தியச் செடிகளை இந்தியரே, அவை வளரும் இடத்திலேயே ஆராய வேண்டும் என்பது அவர் கொள்கை. துறை சீரமைக்கப்பட்டபோது நாட்டின் பல பகுதிகளிலும் வட்டார நிலையங்கள் தோன்றின. தென்னாட்டுக்குரியது கோயமுத்தூரில் அமைந்தது. இக்காலத்தில் நாடெங்கும் சுற்றினார். அசாமில் அரிய மக்னோலியா மரம் ஒன்று இருப்பதாக அறிந்து, ஷில்லாங்கிலிருந்து 37 மைல் சென்றார். சென்று பார்த்தபோது மரம் எரிக்கப்பட்டுக் கிடந்தது. அப்பகுதியில் அவ்வினத்தில் இருந்தது அந்த ஒரே மரம்தான். எண்ணுவதற்கு முன்பே எரிந்துபோன செடிகள் நம் நாட்டில் எத்தனையோ!

1955-இல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரில், மனிதன் பூமியின் முகத்தை எவ்வாறு மாற்றியிருக்கிறான் என்பதைப் பற்றி உலக அறிஞர்கள் கூடி ஆராய்ந்தனர். அங்கே அழைக்கப்பட்டவருள் பெண் அவர் ஒருவரே. இந்தியாவின் தற்சார்பு வேளாண்மையைப் பற்றி அவர் அங்குப் பேசினார். காட்டு மக்கள் எந்த இலையை உண்பர், எந்த வேரை மருந்தாக்குவர், எதனைத் தொடாமல் விடுவர் என்னும் அறிவு ஓர் அரும்பெருஞ்செல்வம் என்பது அவர் கருத்து. அவ்வறிவைப் பெரிதும் காத்து வருபவர் பெண்கள் என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். உணவு உற்பத்தியைப் பெருக்கும் ஆர்வத்தில் காடும் புல்வெளியும் ஒரேயடியாக வயலாவது கேடு என்பதை அன்றே உணர்ந்திருந்தார்.

இக்கருத்தின் உண்மையை நம் அகத்திய மலையே மெய்ப்பித்தது. மலையின் மேற்குச் சரிவில் கோட்டூர்ப் பக்கத்திலும், கிழக்குச் சரிவில் பாபநாசம் பக்கத்திலும் காணி மக்கள் வாழ்கின்றனர். 1987-இல் அம்மலையில் ஏறிய ஆராய்ச்சியாளர்க்கு வழிகாட்டிய காணி இளைஞர்கள், ஏதோ ஒரு பழத்தைத் தின்றுகொண்டு களைப்பின்றி நடந்தனர். அதுவே ஆரோக்கியப்பச்சை என்னும் செடி. பாலோட்டில் உள்ள தாவரவியல் தோட்டத்தார் அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தை உருவாக்கினர். மருந்து செய்யும் உரிமையால் வந்த பணத்தில் பாதி காணி மக்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. நூலில் இல்லாத அறிவு, பள்ளி காணாதவரிடம் இருந்தது. இச்செய்தி வெளிப்பட்டபோது அம்மையார் உயிரோடில்லை. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அவர் காட்டிய வழி இதுதான்.

அலகாபாத்தில் மத்தியத் தாவரவியல் ஆய்வகம், ஜம்முவில் வட்டார ஆராய்ச்சி நிலையம், டிராம்பேயில் அணு ஆராய்ச்சி நிலையம் எனப் பல இடங்களில் பணி செய்தபின், 1970-இல் அவர் சென்னைக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தில் தகைசால் அறிவியலாராக அமர்ந்து, மதுரவாயலில் அம்மையத்துக்குரிய ஆய்வுத் தோட்டத்திலேயே தங்கினார். மருந்துச் செடிகளை வளர்ப்பதும் ஆராய்வதும் அங்கு அவர் வேலை. எளிய மஞ்சள் ஆடை, எளிய வாழ்வு. திருமணம் செய்துகொள்ளவில்லை. 1977-இல் அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. அப்போது அவருக்கு எண்பது வயது நிரம்பும் தறுவாய். அந்த வயதில் பிறர் ஓய்வு கொள்வர். அவரோ மற்றொரு பெரும்பணியில் இறங்கினார்.

பாலக்காட்டு மாவட்டத்தில் குந்திப்புழை பாயும் மழைக்காடு ஒன்று உண்டு. அதற்கு அமைதிப் பள்ளத்தாக்கு என்று பெயர். காட்டில் ஓயாமல் இரையும் சிள்வண்டின் ஓசை அங்கே கேட்பதில்லை என்பதால் அப்பெயர் வந்தது என்பர். ஒரு பூச்சி இல்லாமையால் பெயர் பெற்ற காடு உலகில் வேறு எங்கேனும் உண்டோ, அறியேன்! அங்கே ஆற்றின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்கக் கேரள மின்வாரியம் திட்டமிட்டது. எட்டுச் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட காடு நீரில் மூழ்கும் நிலை. சிங்கவால் குரங்கு முதலிய அரிய உயிர்கள் வாழும் காடு அது. கல்லூரி ஆசிரியர்களும் மாணவர்களும் சாஸ்திர சாகித்திய பரிஷத்தும் எதிர்த்தெழுந்தனர். தாவரவியல் பேராசிரியர் எம். கே. பிரசாத் ஊர் ஊராகச் சென்று காட்டின் அருமையை எடுத்துரைத்தார். இந்நகரத்துக் கவிஞர் சுகதகுமாரி தம் எழுத்தால் மக்களைத் தட்டி எழுப்பினார்.

மின்சாரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மலபார்ப் பகுதிக்கு மின்சாரமும் வேலைவாய்ப்பும் தேவை என்று வாதிட்டோரின் கட்சியிலும் நியாயம் இருந்தது. எதனை இழந்து எதனைப் பெறுகிறோம் என்பதே கேள்வி. இழப்பதைக் கணக்கிட வேண்டுமானால் அங்கு என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஆகவே அம்மையார் தமக்குத் தெரிந்த கருவியையே கையில் எடுத்தார். அப்பள்ளத்தாக்கின் செடிகளுக்குக் குரோமோசோம் கணக்கெடுக்க முனைந்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கத்தரிக்கும், பின்னர்க் கரும்புக்கும் செய்த அதே வேலை. காட்டை நேசித்ததால் கூக்குரலிட்டதோடு அவர் நிற்கவில்லை. அக்காட்டின் பதிவேட்டை எழுதிவிடத் துடித்தார். உணர்ச்சியும் ஆராய்ச்சியும் ஒன்றையொன்று தாங்கி நின்ற அந்தக் காட்சியே அவர் வாழ்வின் முடி என்று நான் கருதுகிறேன்.

1983-இல் அணைத்திட்டம் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரி 7 அன்று மதுரவாயலில் அம்மையார் காலமானார். வயது எண்பத்தாறு. அவ்வாண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அச்செய்தியைக் கேட்க அவர் இல்லை. காடு இருக்கிறது. தாவர வகைப்பாட்டில் சிறந்தோர்க்கு நடுவண் அரசு அவர் பெயரால் விருது வழங்கத் தொடங்கியது பின்னர் நிகழ்ந்தது.

நண்பர்களே! இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறுவது என்ன? இயற்கையைப் பற்றிய கல்வி இன்று பெரும்பாலும் நான்கு சுவர்களுக்குள் அடங்கிவிட்டது. செய்முறைத் தேர்வுக்கு ஒப்படைக்க வேண்டிய பூச்சிப் பெட்டியையும் செடித் தொகுப்பையும் விலைக்கு வாங்கிவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. ஊசியில் குத்திய பட்டாம்பூச்சியின் கீழே இலத்தீன் பெயர் இருக்கும். அது எந்தச் செடியின் மேல், எந்த மாதத்தில், எந்த ஊரில் பறந்தது என்ற குறிப்பு இருக்காது. பெயர் உண்டு, பிறப்பு இல்லை! இத்தகைய பெட்டிகள் ஆயிரம் சேர்ந்தாலும் ஒரு காட்டைக் காக்க உதவா. ஓர் ஏரியைத் தூர்க்கப் போகிறார்கள், ஒரு குன்றை உடைக்கப் போகிறார்கள் என்றால், அங்கே என்னென்ன வாழ்கின்றன என்று எழுந்து சொல்ல யார் இருக்கிறார்கள்? சொல்ல வேண்டியவர்கள் நாம். சொல்வதற்கு நம்மிடம் கணக்கு இருக்க வேண்டும்.

தமிழ் மாணவராகிய நமக்குத் தனிச்சிறப்பு ஒன்று உண்டு. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என நிலத்துக்கே பூவின் பெயரிட்டு அழைத்த மரபில் வந்தவர்கள் நாம். ஒரே செடிக்குத் தமிழ்ப் பெயரையும் மலையாளப் பெயரையும் அறியும் வாய்ப்பு இந்நகரில் நமக்குக் கிடைத்திருக்கிறது. இரு மொழிப் பெயர்களோடு அறிவியல் பெயரையும் சேர்த்து, காரியவட்டம் வளாகத்தில் வளரும் மரஞ்செடிகளுக்கும் அவற்றில் வாழும் பூச்சிகளுக்கும் ஒரு பட்டியல் தயாரிக்க நம் மன்றம் முன்வரக் கூடாதா? கலைத்துறை மாணவர் பெயர்களைத் திரட்டலாம். அறிவியல் மாணவர் இனத்தைத் துணியலாம். மாதம் ஒரு ஞாயிறு போதும். செலவு ஒரு குறிப்பேடும் பென்சிலும் மட்டுமே. ஓராண்டில் முடியாவிட்டால் அடுத்து வருபவர் தொடரட்டும்.

அகத்திய மலை இரு மாநிலத்துக்கும் பொதுவானது. தாமிரபரணியும் நெய்யாறும் கரமனையாறும் அம்மலைத் தொடரிலேயே பிறக்கின்றன. நாம் இங்குக் குடிக்கும் தண்ணீரும் நம் பெற்றோர் நெல்லையில் குடிக்கும் தண்ணீரும் ஒரே காடு தந்தவை. அக்காட்டை அறிவதும் காப்பதும் எந்த ஒரு மொழியாரின் தனிக்கடமையும் அன்று. தலைச்சேரியில் பிறந்து, சென்னையில் கற்று, திருவனந்தபுரத்தில் கற்பித்து, கோயமுத்தூரில் ஆராய்ந்து, மதுரவாயலில் மறைந்த அம்மையாரின் வாழ்க்கை இதனை நமக்கு அழகாக உணர்த்துகிறது. அவர் விட்டுச் சென்ற பதிவேட்டில் வெற்றுப் பக்கங்கள் இன்னும் பல உள. அவற்றுள் ஒரு பக்கத்தையேனும் நாம் நிரப்புவோமாக!